பாலத்தில் பாரம் ஏற்றிய நாள்

இரும்பு நீளும் என்று அந்த இன்ஜினியர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கம்பியை வளைத்திருக்கிறோம், அறுத்திருக்கிறோம், உலையில் போட்டு அடித்திருக்கிறோம். ஆனால் ஒரு மூட்டை மணலை மேலே வைத்தாலே இரும்பு கொஞ்சம் நீளும், எடுத்தால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும், கண்ணுக்குத்தான் தெரியாது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. முதலில் சிரித்தவர் என் மச்சான். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்தான் அப்போது எங்கள் மேஸ்திரி.

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. கொடைக்கானலிலிருந்து அடுக்கம் பக்கமாக இறங்கும் சரிவில் காப்பித் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஜீப் போகிற அளவுக்கு ஒரு சாலை போட்டார்கள். நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிட்டால் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் அந்தப் பக்கத்திலேயே கிடந்து வீணாகும். அதற்காக அங்கே ஓர் இரும்புப் பாலம் கட்டினோம். அந்தப் பாலத்துக்கு அடியில் ஒரு பகல் முழுக்க நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்காருவது உயிருக்கு ஆபத்து என்று என்னை உட்கார வைத்த மச்சானுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா? இத்தனை வருடம் கழித்து நான் எழுத உட்கார்ந்தது அதைச் சொல்லத்தான்.

என் ஊர் பழனிக்குப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மலைமேல் சாலை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்தவன், அங்கேயே தங்கிவிட்டேன். மச்சான் என்னைவிடச் சில வயது மூத்தவர். ஒரே கொட்டகையில் பல வருடம் படுத்திருந்தோம். இரும்போடு இரும்பை இணைக்கிற ரிவெட் ஆணி அடிக்கும் வேலையில் அவர் பிடிப்பார், நான் அடிப்பேன். பிறகு அவர் மேஸ்திரி ஆனார். தன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்தார்.

கூச்சம் எனக்குக் கூடப் பிறந்தது. நாலு பேர் நடுவில் என் பெயரைக் கேட்டால்கூட வியர்த்துவிடும். பெண் பார்க்கப் போன அன்று நான் தலையைத் தூக்கவே இல்லை. "பொண்ணு பார்க்க வந்தியா, தரையப் பார்க்க வந்தியா மாப்ள" என்று மச்சான் கேட்டதை அவர்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேலை இடத்திலும் என் சார்பில் அவர்தான் பேசுவார். சம்பளம் கேட்பது, விடுப்புக் கேட்பது எல்லாம் அவர் வாயால்தான். அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பாலமோ, வாய்க்கால் மேல் போடும் சின்னப் பாலமோ, எதுவானாலும் அதன் மேல் முதல் பாரம் ஏறும்போது கட்டிய மேஸ்திரி அதற்கு அடியில் நிற்க வேண்டும். தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்திவிட்டு அடியில் போய் நிற்பார்கள். மேலே பாரம் கடந்து போன பிறகுதான் வெளியே வருவார்கள். மச்சான் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறார், என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். ஒரு முறை தலைக்கு மேல் லாரி போய்க்கொண்டிருந்தபோது சாவகாசமாகப் பீடி பற்ற வைத்தார். மேலேயிருந்து புழுதி கொட்டி நெருப்பு அணைந்துவிட்டது. "தீக்குச்சிக்கு அந்த டிரைவர்தான்யா பதில் சொல்லணும்" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

ஓடைப் பாலத்துக்கு, கரைக்குக் கரை பாரம் தாங்கும் உத்திரமாக, இரண்டு நீளமான இரும்புக் கர்டர்கள். ஒவ்வொரு கர்டருக்கும் அடியில் 'ஆங்கிள்' என்கிற 'ட' வடிவ இரும்பு, நீள நீளத் துண்டுகளாக ரிவெட் அடித்துப் பொருத்தப்படும். இந்தத் துண்டுகளை லாரி மேலே சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஓடை வரைக்கும் சரிவில் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். ஒரு துண்டுக்கு எப்போதும் இரண்டு கயிறு. ஒன்று நழுவினாலும் இன்னொன்று தாங்கும்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் ஏறி வந்தது. இன்னும் ஒரு துண்டு பாக்கி. "ஒத்தக் கயிறு போதும், வெரசா எறக்குங்கடா, மூடிக்கிட்டு வருது" என்றார் மச்சான். பாதிச் சரிவில் கயிறு நழுவியது. ஆங்கிள் தானாகச் சறுக்கிப் போய் ஒரு பாறையில் மோதி, அரிவாள் மாதிரி வளைந்து நின்றது. யாருக்கும் அடி படவில்லை. மச்சான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சாமான் சேதமானால் மேஸ்திரி வேலை போய்விடும் என்று காண்ட்ராக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடைசியில் அவரே எழுந்து, இதைக் கீழே அனுப்பிவிட்டு வேறு வரவழைப்போம், காண்ட்ராக்டரிடம் நானே உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மறுநாளே என் அப்பாவுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது என்று ஊரிலிருந்து ஆள் வந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் மச்சான் பொறுப்பில் விட்டுவிட்டு, வத்தலக்குண்டு வழியாக பஸ் பிடித்துப் போனேன். அப்பா தேறி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் திரும்பினேன். நான் வந்தபோது கர்டர் இரண்டும் ஓடையின் மேல் ஏறியிருந்தன. ரிவெட் எல்லாம் அடித்து, சிவப்புப் பெயின்டும் பூசியாகிவிட்டது.

அந்தக் கோணல் துண்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது அன்னைக்கே கீழ போயிருச்சு. புதுசு போட்டாச்சு. ஏன் மாப்ள, சந்தேகமா?" என்றார். அப்படிக் கேட்டதும் எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. பேச்சை மாற்றி அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

பாலத்தைச் சோதித்துப் பார்க்க வந்த இன்ஜினியர் என்னைவிடச் சின்னவர். கீழ்நாட்டுக்காரர், குளிர் தாங்காமல் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். எங்கள் சிரிப்பை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்குக் கயிறு ஒன்றை இழுத்துக் காட்டி விளக்கினார். பாலத்தின் மேல் பாரம் ஏறினால் கர்டர் நடுவில் கொஞ்சம் தொய்யும். தொய்யும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், இழுபட்டால் நீளும். எவ்வளவு நீண்டது என்பது மட்டும் போதாது. முதலில் எவ்வளவு நீளம் இருந்ததோ அதில் எத்தனையில் ஒரு பங்கு நீண்டது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஸ்ட்ரெய்ன் என்றார். இத்தனை பாரத்துக்கு இத்தனை ஸ்ட்ரெய்ன், இத்தனை தொய்வு என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். கணக்கும் இரும்பும் ஒத்துப்போக வேண்டும்.

"நீளுறது தப்பு இல்லீங்க. தொங்குறதும் தப்பு இல்ல. அது இரும்போட குணம். பாரத்தை எடுத்ததும் பழைய எடத்துக்குத் திரும்பி வருதான்னு பாக்கணும். எவ்வளவு திரும்பலையோ அவ்வளவு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

ஒவ்வொரு கர்டரின் அடி ஆங்கிளிலும் நடுப்பக்கத்தில் இரண்டு புள்ளி குத்தி, அவற்றுக்கு இடையில் ஒரு கருவியைப் பொருத்தினார். கைக்கடிகாரம் மாதிரி வட்டம், அதில் ஒரு முள். புள்ளிகள் மயிரிழை விலகினாலும் முள் நகர்ந்து காட்டும். தொய்வைப் பார்க்கக் கரைக்குக் கரை ஒரு மெல்லிய கம்பியை விறைப்பாகக் கட்டி, கர்டரிலிருந்து ஓர் அளவுகோலைத் தொங்கவிட்டார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் நூல் என்போம். முழுப் பாரத்தில் நாலு நூல் தொய்யும் என்பது அவர் கணக்கு.

இதையெல்லாம் அடியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சாரம் கட்டி, ஓடைப் பாறைகளுக்கு மேலே ஒரு பலகை போட்டிருந்தோம். "மாப்ள ஒக்காரட்டும் சார். அஞ்சாப்புப் படிச்சவன், வாயாடாம பாப்பான்" என்றார் மச்சான். இன்ஜினியரும் சரி என்றார். நான் மச்சானைப் பார்த்தேன். எப்போதும் போல அவரும் கூட வருவார் என்றுதான் நினைத்தேன். மேலே மூட்டை அடுக்குகிற சோலியைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டும், பயல்கள் கண்டபடி போட்டுவிடுவார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. கரையிலேயே தேங்காய் உடைத்தார். உடைத்த வேகத்தில் ஒரு மூடி உருண்டு ஓடைக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் கீழே வரவில்லை என்பது அப்போது என் மனதில் படவில்லை.

மணல் மூட்டைகளை எடை போட்டு ஏற்றினார்கள். பனியில் நனைந்தால் மணல் கனத்துவிடும், கணக்குக் கெட்டுவிடும் என்று இன்ஜினியர் அவற்றைத் தார்ப்பாயால் மூடச் சொன்னார். கால் பங்கு ஏற்றி நிறுத்துவார்கள். நான் இரண்டு முள்ளையும் பார்த்து, தொய்வையும் பார்த்துக் கத்திச் சொல்வேன். அவர் மேலே குறித்துக்கொள்வார். என் முகம் யாருக்கும் தெரியாத இடம் அது. அதனாலோ என்னவோ, வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

முதல் கால் பங்குக்கு இரண்டு முள்ளும் ஒன்றாக நகர்ந்தன. பாதிப் பாரத்துக்கும் அப்படியே. முக்கால் ஏறியபோது வலது பக்கத்து முள் இடதைத் தாண்டிப் போய்விட்டது. சொன்னேன். பிறகு இன்ஜினியர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தார். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். என் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார். கருவியில் தப்பு இருக்கலாம், இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம், பயமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். எனக்குப் பயம் இல்லை. புது இரும்பு, நாங்கள் கட்டிய பாலம், மேலே மச்சான் நிற்கிறார்.

அடுத்து மூட்டை விழ விழ, வலது பக்கத்து ஆங்கிளிலிருந்து காய்ந்த பெயின்ட் சருகு மாதிரிப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பெயின்ட் போன இடத்தில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. வரிசையாகச் சம்மட்டி விழுந்த தடம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். வளைந்த இரும்பைச் சூடாக்கி அடித்து நிமிர்த்தினால் அப்படித்தான் இருக்கும் என்று உலைப்பக்கம் போன எவனுக்கும் தெரியும்.

எனக்குத் தலைக்கு மேல் மணல் மூட்டைகளும், அவற்றுக்குக் கீழே அந்தக் கோணல் துண்டும் இருந்தன. மேலேயிருந்து அளவு கேட்டார்கள். முள் காட்டியதை அப்படியே சொன்னேன். தொய்வு ஆறு நூல் என்றேன். "போதும், எறக்குங்க" என்று இன்ஜினியர் கத்தினார். "நீங்க மொதல்ல வெளிய வாங்க" என்று என்னைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

நான் கரையேறியபோது மச்சான் பாலத்திலேயே இல்லை. ஜீப் நின்ற இடத்தில், கெட்டித் தரையில் நின்றுகொண்டு, மூட்டையை இறக்குகிறவர்களை அங்கிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

எல்லா மூட்டையும் இறக்கிய பிறகு, கொஞ்ச நேரம் விட்டு, இன்ஜினியரும் நானும் சேர்ந்து இறங்கிப் பார்த்தோம். இடது பக்கத்து முள் கிட்டத்தட்டப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தது. வலது முள் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் பேனாக்கத்தியால் பெயின்டைச் சுரண்டினார். பிறகு மேலே வந்து மச்சானிடம் கேட்டார். சரக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது, நாங்கள் என்ன கண்டோம் என்றார் மச்சான். கோணல் விழுந்ததைப் பார்த்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் துண்டை மாற்றும்வரை பாலத்தில் ஆடுமாடுகூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் ஜீப்பில் ஏறினார்.

கொட்டகைக்கு நடக்கும் வழியெல்லாம் நான் மச்சானுக்காகவே யோசித்துக்கொண்டு போனேன். வண்டி அச்சு வளைந்தால் காய்ச்சி அடித்து நிமிர்த்தித்தானே ஓட்டுகிறோம்? கடப்பாரையும் அப்படித்தான். நிமிர்த்திய இரும்பு புது இரும்பு மாதிரியே தாங்கும் என்று நம்பியிருப்பார். வேலை போய்விடக் கூடாதே என்று ஒரு பொய் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். தாங்கும் என்று அவர் நம்பியிருந்தால் அது வெறும் பொய். பொய்யை மன்னித்துவிடலாம். கொட்டகை வாசலுக்குப் போவதற்குள் முக்கால்வாசி மன்னித்துவிட்டேன்.

மனைவி கஞ்சி ஊற்றி வைத்தாள். தினமும் மத்தியானம் அவள்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைக்குச் சோறு கொண்டுவருவாள். பாதை பாலத்துக்கு அடியில், பாறை மேல்தான். அன்று மட்டும் வேறு ஆள் கொண்டுவந்து கொடுத்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"எனக்கென்ன? அண்ணன் நேத்தே சொல்லிட்டாரு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நாளைக்கு ஓடைப் பக்கமே வராத, சோத்தை ஆள்கிட்ட குடுத்துவிடுன்னாரு. பாலத்துக்கு அடியில வழி கெடக்குல்ல, அதான் பயப்படுறாரு. பாப்பான்னா அவருக்கு உசுரு" என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. நான் கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் வெள்ளனே மச்சான் கொட்டகைக்கு வெளியே வந்து நின்று கனைத்தார். வெளியே போனேன். பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசினார். இன்ஜினியர் சின்னப் பையன், சும்மா பயமுறுத்துகிறான், கணக்குக்கு மேல் இரண்டு நூல் தொய்ந்ததில் மலையா சரிந்துவிடும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"விழாதுன்னு எனக்குத் தெரியும் மாப்ள" என்றார்.

"தெரிஞ்சா நீங்களும் எறங்கியிருக்கலாமே மச்சான்."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. கொஞ்ச நேரம் தோள் துண்டை உதறிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறு எவனையாவது உட்கார வைத்திருந்தால் முள் காட்டியதை அப்படியே கத்தியிருப்பான், நீ என்றால் கொஞ்சம் குறைத்துச் சொல்வாய் என்று நினைத்தேன், நம்ம ஆளாயிற்றே என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நீ எறங்கியிருக்க மாட்டியே" என்றார்.

மறைத்துப் பேச வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மிகச் சாதாரணமான ஒரு காரணத்தைச் சொல்வது போலச் சொன்னார். தங்கைக்கும் குழந்தைக்கும் தாங்காத இரும்பு எனக்குத் தாங்கினால் போதும் என்று நினைத்திருக்கிறார். என் கூச்சத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். பல வருடமாக எனக்காக அவர் பேசிக்கொண்டிருந்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தானோ என்று தோன்றியது. அது நியாயமான நினைப்பு அல்ல என்று தெரியும். ஆனாலும் அதை என்னால் விலக்க முடியவில்லை.

புதுத் துண்டு வந்தது. மாற்றி, மறுபடி பாரம் ஏற்றிப் பார்த்தபோது இரண்டு முள்ளும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பின என்று சொன்னார்கள். அந்தத் தடவை மச்சான் அடியில் நின்றாராம். நான் அங்கே இல்லை. கொடைக்கானல் பஜாரில் ஒரு ராவுத்தர் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தைக்கிற வேலைக்குச் சேர்ந்து, அட்டுவம்பட்டியில் ஒரு வீடு பிடித்துக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டேன். குழந்தைக்கு ஓடைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். மச்சானின் வேலையும் போகவில்லை. சரக்கு வந்தபோதே கோணல் என்பதைக் காண்ட்ராக்டர் நம்பிவிட்டார். கூட வேலை செய்தவர்களில் ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லையே, அதுவரைக்கும் நல்லது என்றார்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். அதனாலேயே இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பாலம் இடிந்து என் கால் போயிருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

பெண்ணுக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு மாற்று இல்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று மனைவி கேட்பாள். ஏன் என்று சொன்னால் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவார். சொல்லவில்லை. அவர் சீர்வரிசையோடு வந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அலறினாள். அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதுவிட்டார். நடிப்பு இல்லை. அது எனக்குத் தெரியும். நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பந்தி போட்டபோது, "மாப்ள, பக்கத்துல எலை போட்டிருக்கு, உக்காரு" என்றார். அந்த வரிசையில் ரசம் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான்தான் பரிமாறுகிறேன். பரிமாறுகிறவன் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. மச்சான் மேல் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். என் மனைவிக்கும் அதில் பெருமைதான். அவர் மட்டும் என் கையால் இரண்டாவது தடவை சோறு கேட்பதில்லை.